முதுகு வலிக்கு இரண்டு மாத்திரை போதுமா?

தோட்டத்து மருந்தக வாசலில் ஒரு காலை வேளையில் போய் நின்று பாருங்கள். "ஐயா, குறுக்கு வலிக்குது" என்ற சொல் காதில் விழாத நாள் இராது. அதற்குக் கிடைக்கும் பதிலும் நமக்குத் தெரிந்ததே. இரண்டு வகை மாத்திரை, தடவிக்கொள்ள ஒரு தைலம், தயவிருந்தால் ஒரு நாள் எம்.சி. உட்காரச் சொல்வதில்லை, சட்டையை உயர்த்திப் பார்ப்பதில்லை, "எப்படி வந்தது?" என்று கேட்பதுமில்லை. அதே தொழிலாளி மூன்றாம் முறை வந்து நின்றால், "வேலைக்குப் போக மனமில்லையோ?" என்ற கேள்வி மட்டும் தவறாமல் வந்துவிடும்.

எல்லா மருந்தகங்களும் இப்படித்தான் என்று நாம் கூறவில்லை. பொறுமையாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து, வேண்டியவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கும் டாக்டர்களும் உண்டு; டிரசர் என்று நாம் இன்றும் அழைக்கும் மருத்துவ உதவியாளர்களும் உண்டு. அவர்களுக்கு நம் நன்றி உரியது. ஆயினும் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும் வைத்தியத்தைப் பற்றி நம் தோழர்கள் அடிக்கடி குறைபட்டுக்கொள்கிறார்கள். ஆகவே இவ்வாரம் அதைப் பற்றியே பேச நினைக்கிறோம்.

முதுகு வலி என்பது ஒரு நோயின் பெயரன்று. அது உடல் கொடுக்கும் ஒரு முறையீடு. முறையீட்டை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது எந்த மன்றத்திலும் நியாயமாகாது. மருந்தகத்திலும் ஆகாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியால் துன்பப்பட்டிருக்கிறார்கள். 2050இல் இத்தொகை 84 கோடிக்கு மேல் போகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதரை வேலை செய்ய இயலாமல் முடக்கும் காரணங்களில் இதுவே உலகில் முதலிடம் வகிக்கிறது. இத்தனை பெரிய துன்பத்தை, "எல்லாருக்கும் வருவதுதானே" என்று தள்ளிவிடுவது சரியா?

நான்கு பேர், ஒரே சொல்

எடுத்துக்காட்டாக நான்கு தொழிலாளர்களை எண்ணிப் பார்ப்போம். இவர்கள் எந்தத் தோட்டத்திலும் இருக்கக்கூடியவர்கள். நால்வரும் ஒரே காலையில் வந்து ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்: "குறுக்கு வலிக்குது."

முதலாமவர் நாற்பது வயதுள்ள ஓர் அம்மா, பால்வெட்டுத் தொழிலாளி. மூன்று நாளாக இடுப்பில் பட்டை இறுக்கிக் கட்டினாற்போல் வலி. குனிந்தால் கூடுகிறது, சாய்ந்து படுத்தால் குறைகிறது. காலுக்கு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை. பசியும் உறக்கமும் வழக்கம்போல் இருக்கின்றன.

இரண்டாமவர் முப்பத்தைந்து வயது இளைஞர். கட்டிப்பால் மூட்டையைத் தூக்கித் திரும்பியபோது 'சுருக்' என்றது. இப்போது வலி பிட்டத்திலிருந்து பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கி, பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் ஓடுகிறது. இருமினாலும் தும்மினாலும் உயிர் போகிறது.

மூன்றாமவருக்கு ஐம்பத்தைந்து வயது. இரண்டு மாதமாக வலி. படுத்தாலும் குறையவில்லை, இரவில்தான் அதிகம். மாலையில் மேல் கொதிக்கிறது. விடியும் முன் வியர்த்துக் கொட்டுகிறது. கால்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார்.

நான்காமவர் ஒரு வாரமாக வலி என்கிறார். நேற்றிலிருந்து இரண்டு காலும் கனத்துக் கிடக்கின்றன. உட்காரும் இடமெல்லாம் மரத்துப் போயிற்று. சிறுநீர் முட்டுகிறது, ஆனால் வரவில்லை. இதைச் சொல்ல அவருக்கு வெட்கம், கேட்பாரும் இல்லை.

நால்வருக்கும் அதே இரண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் என்ன நடக்கும்? அந்த அம்மா பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடுவார். இளைஞர், நரம்பு நசுங்கியிருப்பதே தெரியாமல் மறுநாளும் மூட்டை தூக்குவார். மூன்றாமவருக்கு முதுகெலும்பில் காசநோயோ, வேறிடத்துப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதோ இருக்கலாம். மாத்திரை வலியை மறைக்க, உள்ளே எலும்பு அரித்துக்கொண்டே போகும். நான்காமவரின் நிலை மிகவும் ஆபத்தானது. தண்டுவடம் முடியுமிடத்துக்குக் கீழே குதிரை வால்போல் கற்றையாகத் தொங்கும் நரம்புகள் அவருக்கு நசுங்கிக் கிடக்கின்றன. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, தாமதமின்றி அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். நாள் கடந்தால், சிறுநீரும் மலமும் அடக்க முடியாதவராக வாழ்நாள் முழுதும் கிடக்க நேரலாம்.

இந்த நால்வரையும் பிரித்தறிய வெளிநாட்டு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. முதலில் வேண்டியது கேட்கும் காது. அடுத்து வேண்டியது தொட்டுப் பார்க்கும் கை.

கேட்க வேண்டிய கேள்விகள்

வலி எங்கே இருக்கிறது? எப்போது தொடங்கியது? திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? விழுந்தீர்களா, பளு தூக்கினீர்களா? காலுக்கு இறங்குகிறதா? இறங்கினால் தொடையோடு நிற்கிறதா, பாதம் வரை போகிறதா? எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது? இவை முதல் வரிசைக் கேள்விகள்.

அடுத்து, ஆபத்தைத் தேடும் கேள்விகள். காய்ச்சல் உண்டா? காரணமில்லாமல் உடல் மெலிந்ததா? இரவில் வலியால் எழுந்து உட்காருகிறீர்களா? முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்ததுண்டா? வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் இருமல் உண்டா? ஸ்டிராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டீர்களா? சிறுநீரும் மலமும் ஒழுங்காகப் போகின்றனவா? உட்காரும் இடம் மரத்திருக்கிறதா? கால் பலம் குறைந்திருக்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்ற அளவிலே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஐம்பது வயது கடந்தவர் எல்லாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. ஆனால் இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து நின்றால், அவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. சிறுநீர் அடைப்பும் மரத்துப்போதலும் இருந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

வயதும் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்துக்கு உட்பட்ட ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு மேலாக வலி. காலையில் எழும்போது அரைமணிக்கு மேல் முதுகு கட்டை போல் விறைத்திருக்கிறது. நடமாடினால் தளர்கிறது, படுத்திருந்தால் கூடுகிறது என்றால், அது பளு தூக்கியதால் வந்த வலியாக இராது. முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாகும் ஒரு தனி நோயாக இருக்கலாம். அதற்கு வேறு பரிசோதனை, வேறு மருந்து.

முதுகில் தெரியும் வலியெல்லாம் முதுகில் பிறந்ததுமன்று. சிறுநீரகக் கல், சிறுநீரகத்தில் சீழ், பெண்களுக்குக் கருப்பைக் கோளாறு ஆகியவையும் இடுப்பு வலியாகவே வந்து நிற்கும். ஆகவே பெண் தொழிலாளர்களிடம் மாதவிடாய், கர்ப்பம் பற்றிக் கேட்பது அவசியம். அதைப் பலர் காதில் விழக் கேட்காமல், ஒரு பெண் ஊழியரை அருகில் வைத்துக்கொண்டு, மறைவான இடத்தில் கேட்பது அதைவிட அவசியம்.

தொட்டுப் பார்க்கும் முறை

கேட்டு முடிந்தபின் நோயாளியை நடக்கச் சொல்ல வேண்டும். குதிகாலால் நடக்க முடியவில்லையென்றால் இடுப்புப் பகுதியின் ஐந்தாம் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். நுனிக்காலால் நடக்க முடியவில்லையென்றால் அதற்கு அடுத்த நரம்பு. பிறகு குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரே கணுவில் மட்டும் தட்டும்போது துடித்தால், எலும்பு முறிவோ கிருமித் தொற்றோ இருக்கிறதா என்று எண்ண வேண்டும்.

பின்னர் மல்லாந்து படுக்க வைத்து, முழங்கால் மடியாமல் காலை மெல்லத் தூக்க வேண்டும். முப்பது பாகைக்கும் எழுபது பாகைக்கும் இடையில், முழங்காலுக்குக் கீழே வலி மின்னலாய் ஓடினால் நரம்பு நசுங்கியிருப்பதற்கு அது ஓர் அடையாளம். வலியில்லாத காலைத் தூக்கும்போது வலியுள்ள காலில் வலி ஓடினால் அவ்வடையாளம் மேலும் உறுதிப்படும். லாசேக் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் வழங்கும் இச்சோதனையை, அவருடைய மாணவர் 1881இல் எழுதி வைத்தார். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

கடைசியாக, பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி அதன் பலம் பார்த்தல். பஞ்சால் தொட்டு உணர்ச்சி பார்த்தல். ரப்பர் தலை வைத்த சிறு சுத்தியலால் முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் தட்டிப் பார்த்தல். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிட வேலை. உலகத்துக்கு ரப்பர் கொடுத்த தொழிலாளியின் முழங்காலில் அந்த ரப்பர் சுத்தியல் ஒரு முறையேனும் பட வேண்டாமா?

படத்தில் ஒன்றுமில்லை என்றால்?

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "எக்ஸ்ரே எடுத்தால்தான் வைத்தியம், ஊசி போட்டால்தான் டாக்டர்" என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டையோ நரம்பையோ தசையையோ காட்டாது. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு முதல் ஆறு வாரத்தில் படம் எடுப்பதால் பயன் இல்லை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டிகளின் கருத்து. ஏனெனில் பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பில் இன்ன கோளாறு என்று சுட்டிக்காட்டக்கூடிய காரணம் கிடைப்பதில்லை. அவர்களில் மிகப் பலர் ஆறு வாரத்துக்குள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

இதையே சிலர் தொழிலாளிக்கு எதிராகத் திருப்புகிறார்கள். "படத்தில் ஒன்றுமில்லை, ஆகவே வலியும் இல்லை, இவன் பாசாங்கு செய்கிறான்" என்கிறார்கள். இந்தப் பேச்சைத்தான் நாம் வன்மையாக மறுக்கிறோம். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே எல்லாத் தட்டுகளும் சீராக இருந்தன. மற்றவர்களுக்கு எங்கேனும் ஒரு தட்டு புடைத்தோ பிதுங்கியோ கோளாறுற்றோ இருந்தது. ஆனால் அவர்களுக்கு வலி இல்லை. படத்தில் கோளாறு இருந்தும் வலி இல்லாதவர் உண்டென்றால், படம் சுத்தமாக இருந்தும் வலியால் துடிப்பவர் இருக்க மாட்டாரா? வலியை அளக்கும் படம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு தொழிலாளியின் நாணயத்துக்கு எக்ஸ்ரே சாட்சியாக முடியாது. அந்த ஒரு படத்தைக் காட்டி அவரைப் பொய்யர் என்பது மருத்துவமும் அன்று, நீதியும் அன்று.

வலி வந்தவுடன் பாயில் முடங்கிக் கிடப்பதும் தவறு. 1995இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டு நாள் படுக்கையில்; இன்னொரு குழு முதுகுக்கான உடற்பயிற்சியில்; மூன்றாவது குழு தாங்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டத்தில். மூன்றாவது குழுவே விரைவில் தேறியது. படுத்திருந்தவர்கள் தேறத்தான் அதிக நாள் பிடித்தது. ஆனால் நிர்வாகத்தார் இதைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. நடமாடுவது வேறு, பால் வாளி சுமப்பது வேறு.

சுளுக்கு எடுப்பவரிடம் இலேசாக உருவிக்கொள்வதையோ கோடாலித் தைலம் தடவிக்கொள்வதையோ நாம் குறை சொல்லவில்லை. ஆனால் காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு முதுகை மிதிக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எலும்பு அரித்திருக்கும் முதுகில் அந்த ஒரு மிதி போதும், ஆளை நடக்கவிடாமல் செய்துவிட!

கேட்கப்படாத கேள்வி

இத்தனை கேள்விகளுக்கும் மேலே ஒரு கேள்வி உண்டு. அதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "நீங்கள் செய்யும் வேலை என்ன? அதை எப்படிச் செய்கிறீர்கள்?"

ஐந்நூறு மரம் வெட்டுபவர் ஐந்நூறு முறை மரத்தைச் சுற்றி வளைந்து நிற்கிறார். வெட்டுப்பட்டை தாழ்ந்திருந்தால் ஐந்நூறு முறை குனிகிறார். பால் எடுக்கும்போது ஒவ்வொரு மங்குக்கும் இன்னொரு முறை. பின்பு சரிவிலும் சகதியிலும் பால் சுமக்க வேண்டும். பால் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டு, உங்கள் இரண்டு வாளியின் எடையை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இப்போது பல தோட்டங்களில் காண்டாக் கம்புக்குப் பதில் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. ஆனாலும் மரத்தடியிலிருந்து வண்டி வரைக்கும், வண்டியிலிருந்து ஸ்டோர் வரைக்கும் தூக்குவது மனித முதுகுதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் குலை தூக்குவதும் அதே முதுகுதான்.

1967இல் அனைத்துலகத் தொழில் நிறுவனம், வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பளு 55 கிலோவுக்கு மேல் போகாதிருக்கப் பரிந்துரை செய்தது. அதன்பின் அறிவு வளர்ந்தது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1990களில் வகுத்த கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்த இடத்தில், உடலை ஒட்டிப் பிடித்துத் தூக்குவதற்கே 23 கிலோதான் தொடக்க அளவு. தரையிலிருந்து எடுத்தால் அது குறையும். உடலைத் திருப்பித் தூக்கினால் குறையும். அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். நம் வெட்டுக்காட்டில் வசதியாக அமைந்தது எது? சரிவா, சகதியா, கொசுவா?

வேலையைக் கேளாமல் வலியை அறிய முயல்வது, கூரையில் ஓட்டையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது. எம்.சி. முடிந்த மறுநாள் அதே வாளி அதே இடத்தில் காத்திருக்கிறது. வலியும் அதன் பக்கத்திலேயே காத்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

தோழர்களே! மருந்தகத்துக்குப் போகும்போது வெறுமனே "குறுக்கு வலி" என்று சொல்லி நில்லாதீர்கள். எப்போது, எங்கே, என்ன செய்யும்போது வந்தது என்று சொல்லுங்கள். காலுக்கு இறங்கினால் விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள். சிறுநீர் அடைத்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வெட்கம் ஒரு நாளில் போகும், முடக்கம் போகாது. ஆறு வாரமாகியும் தேறாவிட்டால், இன்னொரு முறை முழுமையாகப் பார்க்கும்படி கேளுங்கள். அது பிச்சையன்று, உரிமை.

வேலையில் விழுந்தோ பளு தூக்கியோ வலி வந்திருந்தால், அன்றைக்கே மண்டோரிடமும் அலுவலகத்திலும் அறிவியுங்கள். நேரம், நிரை, பார்த்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை விபத்தால் நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. பெற்றவருக்குச் சொக்சோவிலிருந்து தற்காலிக உதவித்தொகை உண்டு. அது சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு. "எப்படி வந்தது?" என்ற டாக்டரின் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் நோயை அறியவும் உதவும், இழப்பீட்டுக்கும் உதவும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து நிரையில் நிற்கும் தோழருக்கு மொழி தெரியாவிட்டால், நம்மில் ஒருவர் கூடப் போய் அவர் வலியை எடுத்துச் சொல்ல வேண்டும். வலிக்குச் சாதியுமில்லை, நாடுமில்லை.

விபத்தில்லாமல் வந்த வலிக்கும் விடுப்பு உண்டு. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், ஆண்டுக்குச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு தருகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள்; இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள்; ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த விடுப்பை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

நிர்வாகத்தாரிடம் நாம் கேட்பது மூன்று. முதுகு வலி என்று வருபவரைப் படுக்க வைத்துச் சோதிக்க ஒரு கட்டிலும், ஒரு திரையும், பதினைந்து நிமிட நேரமும் கொடுங்கள். ஆபத்து அறிகுறி உள்ளவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இரவு பகல் எந்நேரமும் ஒரு வண்டி வைத்திருங்கள். தேறி வருபவருக்குச் சில வாரம் பளுவில்லாத வேலையைச் சம்பளம் குறையாமல் கொடுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை இழப்பதால் வரும் நட்டத்தோடு ஒப்பிட்டால், அதைச் செலவென்று சொல்வதே தகாது.

டாக்டர்களுக்கும் டிரசர்களுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் முன் வளைந்து நிற்பவர், நேற்று வரை நிமிர்ந்து நின்று வேலை செய்தவர். அவரை உட்காரச் சொல்லுங்கள். கேளுங்கள். தொட்டுப் பாருங்கள். அதன் பிறகு மாத்திரை கொடுங்கள். அப்போது அந்த மாத்திரைக்கும் ஒரு பொருள் இருக்கும்.

இந்த நாட்டின் காட்டைத் தோட்டமாக்கியது நம் பாட்டன் பாட்டிமாரின் முதுகு. அந்த முதுகின் வலியை அன்று கேட்பார் இல்லை. இன்று கேட்க வைக்கச் சங்கம் இருக்கிறது. சொல்ல வேண்டியதைத் தயங்காமல் சொல்லுங்கள். கேட்க வேண்டியவர்களைக் கேட்க வைப்போம்!